ஒரு குண்டின் விலை

ஏர் ரைஃபிள் 2,75,000 ரூபாய். அதில் போடும் பெல்லட் குண்டு ஒன்று 2 ரூபாய் 20 காசு. இரண்டில் எது அதிகச் செலவு என்று கேட்டால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் காட்டுவார்கள். கணக்குப் போட்டால் பதில் வேறு.

தேசிய அளவுப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளை வருடத்துக்கு 20,000 குண்டு சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான எண் இல்லை. துப்பாக்கியைப் பத்து வருடம் வைத்திருந்தால் 2 லட்சம் குண்டு. அப்படியானால் துப்பாக்கியின் பங்கு குண்டுக்கு 1 ரூபாய் 37 காசுதான். 500 பெல்லட் கொண்ட டின் 1,100 ரூபாய் என்ற கணக்கில் வருடத்துக்கு 40 டின், 44,000 ரூபாய். பத்து வருடத்தில் 4,40,000. முதல் நாள் மூச்சை முட்டவைத்த ஜெர்மன் துப்பாக்கியைவிடத் தகர டின்கள்தான் அதிகம் தின்கின்றன. என் மகளுக்காக இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்து, பிறகு நானும் சுடப் பழகி, இரண்டு பேர் கணக்கும் ஒரே நோட்டில் ஓடுகிறது. விலையெல்லாம் நான் கொடுத்தது. கடைக்குக் கடை, வருடத்துக்கு வருடம் மாறும்.

இத்தனை குண்டு எதற்கு? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் வட்டங்களின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர். குண்டு 4.5 மில்லிமீட்டர், அதாவது குண்டைவிட ஒன்பது மடங்கு சிறிய இலக்கு. மின்னணு டார்கெட் புள்ளியைத் தசமத்தில் தருகிறது: 10.9 வரை. ரைஃபிளில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். தகுதிச்சுற்றில் 60 குண்டு, 75 நிமிடம், உச்சம் 654. பிஸ்டலில் வட்டங்கள் பெரியவை, 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிஸ்டல் இறுதிச்சுற்றில் மனு பாக்கர் 22 குண்டுகளுக்குப் பிறகு 221.7 எடுத்து வெண்கலத்தோடு நின்றார். வெள்ளி அந்த 0.1 தூரத்தில் நழுவியது. 22 குண்டுகளின் கூட்டுத்தொகையில் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்!

அதனால்தான் பெல்லட் விஷயத்தில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. டின் மேல் 4.49, 4.50 என்று எழுதியிருக்கும். அது குண்டுத் தலையின் விட்டம். எந்தக் குழலுக்கு எது பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கி, கை படாமல், ஒவ்வொரு டின்னிலிருந்தும் பத்துப் பத்தாகச் சுடுவார்கள். பொருந்திய டின் என்றால் பத்தும் ஒரே துளைக்குள் போய், தாளில் சுத்தமான ஒரு வட்டம் மட்டும் தெரியும்; பொருந்தாததில் துளையின் ஓரம் கடித்த பிஸ்கட் போல இருக்கும். நல்ல டின் கிடைத்ததும் அதே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், இருபது முப்பது டின்னை மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். கடைக்காரரிடம் அந்த லாட் எண்ணைச் சொல்லி முன்பணம் கொடுத்து வைக்கிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசைதான்.

நோட்டில் அடுத்த பெரிய வரி, சுடும்போது அணிகிற ஜாக்கெட்டும் கால்சட்டையும். அளவெடுத்துத் தைத்தால் 45,000 ரூபாய். கெட்டியான கேன்வாஸ், தோல். ஓர் அடுக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கருவி வைத்து அளப்பார்கள், விறைப்பையும் சேர்த்து. மே மாதச் சென்னையில் இதை மாட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நிற்பது என்ன என்பதை நோட்டில் எழுத வழியில்லை. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் தோள் பத்தாது, மறுபடி 45,000. துப்பாக்கிக்குத் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. ஜாக்கெட்டுக்கோ தேய்வதற்கு முன்னாலேயே ஆயுள் முடிந்துவிடுகிறது. காற்று நிரப்பும் சிலிண்டருக்கும் தேதி உண்டு. 200 பார் அழுத்தம் தாங்குகிற அதன் ஆயுள் பத்து வருடம். தேதி கடந்தால் போட்டியில் அனுமதியில்லை. ஷூ, கையுறை, ரேஞ்ச் கட்டணம், டெல்லிக்கும் போபாலுக்கும் ரயில் செலவு ஆகியவற்றை விரித்து எழுதினால் வாசகர் தூங்கிவிடுவார்.

இவ்வளவும் ஏர் ரைஃபிளுக்கு மட்டும். இதற்கு உரிமம் வேண்டாம்: 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு விலக்கு. போட்டிக் குண்டு அரை கிராம் சொச்சம், வினாடிக்கு சுமார் 175 மீட்டர் வேகம். கணக்கிட்டுப் பார்த்தால் 8 ஜூல், வரம்பில் பாதிகூட இல்லை. மெரினாவில் பலூன் சுடுகிற துப்பாக்கியும் இதே வகையறாதான்.

வெடிமருந்துத் தோட்டாவுக்கு மாறினால் உலகமே மாறுகிறது. .22 ரைஃபிளின் குண்டு 2.6 கிராம், ஏறத்தாழ 137 ஜூல். போட்டித் தரத் தோட்டா ஒன்று 30 ரூபாயை ஒட்டி வருகிறது. பறக்கும் தட்டுகளைச் சுடுகிற ட்ராப் போட்டியின் 12 போர் ஷாட்கன் கார்ட்ரிட்ஜில் 24 கிராம் ஈயச் சிதறல், 1,900 ஜூல் அளவில், ஒன்று 50 ரூபாய் பக்கம். (ஜூல் கணக்கில் ட்ராப்தான் மலிவு, ஆனால் ஜூலுக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.) உரிமம், காவல் துறை விசாரணை, பூட்டிய அலமாரி எல்லாம் உண்டு. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் மூன்று துப்பாக்கி இரண்டாகக் குறைந்தது, உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது. போட்டியாளர்களுக்கு மட்டும் கதவு அகலமாகத் திறந்தது: 2020 அரசு அறிவிப்பில் பயிற்சிக்கான ஆண்டு ஒதுக்கீடு .22 தோட்டாவில் 1,000 என்பது 5,000 ஆனது, ஷாட்கன்னில் 500 என்பது 5,000.

அந்தப் பழைய 500-ஐப் பாருங்கள். ட்ராப் தகுதிச்சுற்றில் 125 தட்டுகள். தட்டுக்கு இரண்டு வெடி அனுமதி. தட்டுக்கு ஒன்றே என்று சிக்கனமாகச் சுட்டாலும் 500 தோட்டா நான்கு போட்டிக்கு வரும். அதில் பயிற்சி எங்கே? இப்போதைய 5,000-ஐ முழுக்க வாங்க 2,50,000 ரூபாய். அதே 5,000 பெல்லட் என்றால் 11,000. 110 மில்லிமீட்டர் அகலத் தட்டுகளின் விலை தனி. பெயர்தான் களிமண், உள்ளே இருப்பது சுண்ணாம்புப் பொடியும் கீலும்.

யார் எதைச் சுடுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான் என்பது என் எண்ணம். பாரிஸில் ட்ராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது ஏர் ரைஃபிள். அவர் பயிற்சி பெற்று வளர்ந்தது குஜராத்தில். 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, 0.1-ஐப் பணத்தால் வாங்க முடியாது. ஆனால் அந்த 0.1-க்காகப் போட்டி போடும் இடம் வரை போக டிக்கெட் எடுத்தாக வேண்டும். நம் ஊரில் அரசு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை ட்ராப் பக்கம் போவதை நான் பார்த்ததில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் வருடம் கிளப் துப்பாக்கி, பழைய ஜாக்கெட்டும் கால்சட்டையும் ஒரு ஜோடி. வாங்குவதென்றால் சிலிண்டர் தேதியைப் பார்த்து, இரண்டாம் கைத் துப்பாக்கி. மிச்சமாகும் ஒரு லட்சத்துக்கு, மேலே சொன்ன விலையில் 90 டின் பெல்லட் வரும்.