கத்தியைச் சோதித்து வாங்குவோம்

நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்த குடும்பம் ஒன்று தன் காணிக்குத் திரும்பும்போது, மண்வெட்டிக்கு முன்னரே அதற்குத் தேவைப்படுவது ஒரு நல்ல காட்டுக்கத்தியாகும். வளவை மூடி வளர்ந்த நாயுண்ணியையும் விடத்தலையும் வெட்டுவதற்கும், கொட்டிலுக்குத் தடி தறிப்பதற்கும், வேலிக்குக் கதியால் எடுப்பதற்கும் அதுவே வேண்டும். இன்னும் திரும்ப முடியாமல் பிறர் காணியில் கூலிக்குப் பற்றை வெட்டுவோருக்கும் அதுவே அன்றாட உழைப்பின் கருவி. ஆயினும் கத்தி வாங்கும்போது நம்மிற் பலர் அதன் மினுக்கத்தையும் விலையையும் மாத்திரமே பார்க்கின்றோம். இத்தவறை நாமும் செய்தோம்.

நாம் கற்ற பாடம்

2010 இல் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு வழங்குவதற்காக, வெளியூர்க் கடையொன்றில் ஒரே தடவையிற் பெருந்தொகையான கத்திகளை வாங்கினோம். விலை குறைவு. அலகு கண்ணாடி போல மினுங்கியது. பிடிக்குச் சிவப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தது. பத்து நாட்கள் செல்லவில்லை. தாய் ஒருவர் பங்குமனைக்கு வந்து தமது கத்தியை மேசையில் வைத்தார். வாய் முழுவதும் மடிந்து நெளிந்திருந்தது. "சுவாமி, இது பார்க்கிறதுக்கு நல்ல கத்திதான். வெட்டத்தான் ஏலாது" என்றார். அந்த மாரியில் அவர் கச்சான் போட எண்ணியிருந்த காணியிற் பாதி பற்றையாகவே கிடந்தது. கணவனை இழந்த அவருக்கு அது ஒரு போகத்தின் வருமானம்.

அக்கத்தியை எடுத்துக்கொண்டு, தகரக் கொட்டிலொன்றில் மீண்டும் உலை மூட்டியிருந்த வயது முதிர்ந்த கொல்லர் ஒருவரிடம் சென்றோம். அவர் அரத்தை எடுத்து வாயில் ஒருமுறை இழுத்தார். அரம் வெண்ணெயைச் சுரண்டுவது போலச் சுரண்டியது. "இது வெறும் இரும்பு சுவாமி. உருக்கு இல்லை" என்றார். வாங்குவதற்கு முன் அவரிடம் சென்றிருக்க வேண்டியவர்கள் நாம். அன்று அவர் காட்டியவற்றையும் பின்னர் நாம் அறிந்தவற்றையும் கீழே தருகின்றோம்.

உருக்கும் தோய்ச்சலும்

நமது கொல்லர்கள் பெரும்பாலும் லொறியின் பழைய வில்லுத்தகட்டிலேயே கத்தி அடிக்கின்றனர். இது நல்ல தெரிவு. வில்லுத்தகட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி கலந்துள்ளது. படலைக்கும் யன்னலுக்கும் பயன்படும் சாதாரண இரும்புப் பட்டத்தில் இதன் மூன்றிலொரு பங்களவே உண்டு. போதிய கரி இல்லாத இரும்பை எவ்வளவு சூடாக்கித் தோய்த்தாலும் வாய் வலுக்காது.

காந்தம் ஒட்டாத அளவிற்குச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்புறத்தை எண்ணெயில் அமிழ்த்துவதே தோய்ச்சல். வில்லுத்தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு ஏற்படக்கூடும். தோய்த்தவுடன் வாய் கண்ணாடி போல எளிதில் உடையும். எனவே அதனைத் துலக்கி மீண்டும் மெதுவாகச் சூடாக்க வேண்டும். அப்போது முதலில் வைக்கோல் நிறமும், பின்னர் மண்ணிறமும், ஊதாவும், நீலமும் தோன்றும். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை சென்ரிகிரேட்டிலும் நீலம் ஏறத்தாழ 300 பாகையிலும் வரும். தடி தறிக்கும் கத்திக்கு மண்ணிறத்திற்கும் ஊதாவிற்கும் இடைப்பட்ட நிலை பொருத்தமானது.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

1. கேளுங்கள். எந்த இரும்பில் அடித்தது, எதில் தோய்த்தது என்று கேளுங்கள். நல்ல கொல்லர் இக்கேள்வியால் கோபிக்கமாட்டார்.

2. அரத்தால் உரசுங்கள். கத்தியின் முதுகில் அரம் கடிக்க வேண்டும். வாயில் வழுக்க வேண்டும், அல்லது மிகச் சிறிதளவே கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரேவிதமாகக் கடித்தால் தோய்ச்சல் இல்லை. இரண்டு இடத்திலும் வழுக்கினால் கத்தி முழுவதும் வலுத்துள்ளது. கல்லிற் பட்டால் உடையலாம்.

3. தட்டிப் பாருங்கள். பிடி போடாத அலகை நூலில் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. அடைத்த ஒலி வந்தால் வெடிப்பு இருக்கலாம். சந்தேகமெனில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தடவுங்கள். வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் ஊறி வந்து தூளிற் கோடாகத் தெரியும். வில்லுத்தகடு பல்லாண்டு பாரம் தாங்கியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் இருக்கக்கூடும்.

4. வாயை வளைத்துப் பாருங்கள். பித்தளைக் கம்பியொன்றின் மேல் வாயைச் சாய்த்து மெதுவாக அழுத்துங்கள். சிறிது வளைந்து மீண்டால் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை கூடிவிட்டது. துகளாக உதிர்ந்தால் வலு கூடிவிட்டது.

5. நிறத்தைப் பாருங்கள். மின்சாணையில் தீட்டிய வாயில் நீல நிறம் தெரிந்தால், தீட்டும்போதே சூடேறி அவ்விடத்தின் தோய்ச்சல் கெட்டுவிட்டது.

6. பிடியைப் பாருங்கள். பிடிக்குள் செல்லும் வால் குட்டையாக இருந்தால் பிடி விரைவில் ஆடும். அலகும் வாலும் சேருமிடம் கூர்மூலையாக வெட்டப்படாமல் வளைவாக அமைய வேண்டும். உடைவு அந்த மூலையிலேயே தொடங்குகிறது. பிடி மரம் நன்கு காய்ந்ததாகவும் நார் நேராக ஓடுவதாகவும் இருத்தல் வேண்டும். வர்ணம் பூசிய பிடியில் இவை மறைந்துவிடும்.

7. வெட்டிப் பாருங்கள். காய்ந்த விடத்தல் தடியை இருபது முறை வெட்டியபின் வாயை வெளிச்சத்திற் பிடியுங்கள். மடிந்த இடமும் உடைந்த இடமும் மினுங்கிக் காட்டும்.

கையில் கத்தி இருக்கின்றதென்பதற்காகக் கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் எவரும் இறங்க வேண்டாம்.

கொல்லரும் நாமும்

கடைக்கத்தி பழுதானால் அதனை எறிய வேண்டியதுதான். ஊர்க் கொல்லரின் கத்தி உடைந்தால் அவர் திரும்ப உலையில் வைத்துத் தோய்த்துத் தருவார். கொல்லர் அருகில் இருப்பதே அக்கத்தியின் உத்தரவாதம். 1990களின் பொருளாதாரத் தடையைக் கண்ட நமக்கு இது புதிய செய்தியல்ல. சாமுவேல் முதலாம் நூலின் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ரயேல் நாட்டிற் கொல்லரே இல்லாதிருந்த காலத்தில், மக்கள் தமது கலப்பைக் கொழுவையும் கோடாலியையும் தீட்டுவதற்குக்கூடப் பெலிஸ்தியரிடம் போகவேண்டியிருந்தது. தன் கருவியைத் தானே செய்ய முடியாத மக்கள் தம் உழைப்பிற்கும் பிறர் தயவை நாட நேரிடும்.

அந்தத் தாயின் கத்திக்குப் பதிலாகக் கொல்லரிடம் புதியதொன்றை அடிப்பித்தோம். அவரே அரத்தால் உரசி, தடி வெட்டிப் பார்த்து, "இது காணும்" என்று சொன்ன பின்னரே பணம் கொடுத்தோம். இப்போது எந்தக் கருவியை வழங்குவதானாலும், முதலில் ஒன்றை எடுத்து, அதைக் கொண்டு உழைக்கப்போகும் இருவர் மூவரின் கையில் கொடுத்துச் சோதிக்கின்றோம். உதவியாகக் கிடைக்கும் பொருளையும் சோதித்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுப்பவர் நாமாயினும் தயங்காமற் கேளுங்கள்.