திடீர் சிறுநீரகப் பாதிப்பின் காரணங்களைக் கண்டறிதல்

திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்பது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிறுநீரகங்களின் செயல்திறன் வேகமாகக் குறைவதாகும். இது பெரும்பாலும் வேறொரு கோளாற்றின் விளைவாகவே தோன்றுகிறது. அக்காரணம் விரைவில் நீக்கப்பட்டால் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கும். தாமதமானால் நிலையான பாதிப்பு ஏற்படலாம்.

உறுதி செய்தல்

குருதியில் கிரியேட்டினின் அளவு 48 மணி நேரத்தில் 0.3 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் உயர்தல், 7 நாட்களுக்குள் 1.5 மடங்காதல், சிறுநீரின் அளவு தொடர்ந்து 6 மணி நேரம் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே பாதிப்பு உறுதியாகும். சிலருக்குச் சிறுநீர் வழக்கம்போல் பிரியும்போதும் பாதிப்பு இருக்கக்கூடும்.

காரணங்களின் வகைகள்

1. சிறுநீரகத்திற்கு முன்: இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, குருதியிழப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றால் இவ்வோட்டம் குறைகிறது. உடலில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை உட்கொண்டால் ஓட்டம் மேலும் குறையும்.

2. சிறுநீரகத்திற்குள்: நீடித்த குருதிக்குறைவு, கடும் நோய்த்தொற்று, ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், எலிக்காய்ச்சல், மலேரியா, கண்ணாடிவிரியன் கடி ஆகியவை நுண்குழல்களைச் சிதைக்கலாம். நசுங்கிய தசையிலிருந்து வெளியாகும் மயோகுளோபினும் இவ்வாறு கெடுக்கும். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கியோரிடம் கண்ட இந்நிலையைப் பைவாட்டர்ஸ், பீல் ஆகியோர் 1941இல் விவரித்தனர்.

3. சிறுநீரகத்திற்குப் பின்: புராஸ்டேட் வீக்கம், கற்கள், கருப்பை வாய்ப் புற்று ஆகியவை சிறுநீர்ப் பாதையை அடைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால், மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை அறிகுறி தெரியாமல் போகலாம்.

கண்டறியும் முறை

முதலில் நோயாளியிடம் அண்மைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, உட்கொண்ட மருந்துகள் ஆகியவை கேட்டறியப்படும். கடையில் தாமாக வாங்கிய மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் நோயாளிகள் பெரும்பாலும் தாமே சொல்வதில்லை. ஆகவே அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். பின்னர் குருதி அழுத்தம், நாவறட்சி, கால் வீக்கம், நிரம்பிய சிறுநீர்ப்பை ஆகியவை நோக்கப்படும்.

சிறுநீர்ச் சோதனை அடுத்த தடயத்தைத் தரும். நீரிழப்பில் சிறுநீரகம் உப்பைத் தக்கவைக்க முயல்வதால் சிறுநீரில் சோடியம் பெரும்பாலும் 20 மி.மோல்/லி.க்குக் குறைவாக இருக்கும். நுண்குழல்கள் சிதைந்தால் அது உயரும். சிறுநீர் பெருக்கி மருந்து உட்கொண்டவரிடம் இவ்வளவு தவறான முடிவைத் தரலாம். நுண்ணோக்கியில் சேற்றுப் பழுப்பு வார்ப்புகள் தென்பட்டால் நுண்குழல் சிதைவும், சிவப்பணு வார்ப்புகள் தென்பட்டால் குருதியை வடிகட்டும் கலன்கோளங்களின் அழற்சியும் ஐயுறப்படும். அடைப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். இவற்றாலும் காரணம் விளங்காவிடில் திசு ஆய்வு தேவைப்படலாம்.

ஒருவரிடமே பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம். எனினும் நீரிழப்பும் அடைப்பும் விரைவாகச் சரிசெய்யத்தக்கவை என்பதால் அவையே முதலில் தேடப்படுகின்றன.