பங்காருக்குப் போகும் லேப்டாப்பில் உங்கள் ஆதார் இருக்கிறது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பை நம்மவர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். சிலர் அப்படியே பங்கார் (பழைய சாமான்) கடையில் எடைக்குப் போடுகிறார்கள். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கூடவே போகின்றன. சிலர் வீடியோ பார்த்து அதை வீட்டு சர்வராக்கி, ரவுட்டரில் போர்ட்டையும் திறந்துவிடுகிறார்கள். சர்வராக்குவது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெட்டி வீட்டு வைஃபையைத் தாண்டி வெளியே தெரியக் கூடாது.

டெபியன் போன்ற இலவச லினக்ஸை ஏற்றினால், வீட்டிலுள்ள எல்லா போன்களின் படங்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்க 4 ஜிபி ரேம் போதும். கரண்ட் பில் எகிறும் என்ற பயம் வேண்டாம். சும்மா ஓடும் லேப்டாப் 15 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 30 நாள் இரவும் பகலும் ஓடினாலும் 11 யூனிட்டைத் தொடாது. பயப்பட வேண்டியது பேட்டரிக்கு. டச்பேட் மேலெழும்பி கிளிக் விழாமல் போனாலோ, மூடி பொருந்தாமல் இடுக்கு விட்டாலோ, பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றுங்கள். நல்ல பேட்டரியானாலும், சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். மெத்தை மேலோ துணி அலமாரிக்குள்ளோ சர்வரை வைக்காதீர்கள்.

அடுத்தது போர்ட். “நம்மிடம் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள், ஆளைத் தேடித் தாக்குவதாக நினைக்கிறார்கள். திறந்த கதவைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவை தானியங்கி நிரல்கள்; உங்கள் பெயர் அவற்றுக்குத் தேவையில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது விண்டோஸின் ஃபைல் பகிர்வு ஓட்டை வழியாகத்தான். அந்த ஃபைல் பகிர்வின் போர்ட் எண் 445. அதை ரவுட்டரில் திறக்கவே திறக்காதீர்கள். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியூரிலிருந்து ஃபைல் வேண்டுமென்றால் வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: 445-ஐத் திறக்காதீர்கள்.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். “ஃபார்மட் பண்ணிட்டேன்” என்பது போதாது. விரைவு ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், ஃபைல்களை மென்பொருள் கொண்டு மீட்கலாம். கழற்ற முடியாவிட்டால் விண்டோஸ் ரீசெட்டில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, ‘கிளீன் டேட்டா’வையும் ஆன் செய்யுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்ட பிறகே பொருளைக் கொடுங்கள். சந்தில் வயரும் போர்டும் எரிப்பதைக் கண்டால், சயானிலுள்ள மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆவணம் ஏற்கெனவே கைமாறிவிட்டதா? பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பொய்க் கடன் இருந்தால் அங்கேயே புகார் செய்யுங்கள்; 30 நாளில் தீராவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பிறகு காவல் நிலையம். “சைபர் செல்லுக்குப் போ” என்று அலைய விடுவது அங்கே வாடிக்கை. அடையாளத் திருட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வருகிறது. 78-ஆவது பிரிவின்படி அதை இன்ஸ்பெக்டரே விசாரிக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிந்தால், எஃப்ஐஆர் நகல் இலவசம். அதை வாங்காமல் படியிறங்காதீர்கள். நாளைக்கு வங்கியிடம் நீட்ட உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.