விரல் ஆறும்வரை கூலி வரும்

திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்களில் பவர் பிரஸ்ஸில் நிற்பவர்களும் உண்டு. அதன் அச்சுகளுக்கு (டை) நடுவே விரல் மாட்ட ஒரு நொடி போதும். அதற்கு அப்புறம் நடப்பதுதான் கவலை தருகிறது. சூப்பர்வைசர் பக்கத்து நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போவார். முதலாளி பில்லைக் கட்டிவிட்டுக் கைச்செலவுக்கும் கொஞ்சம் கொடுப்பார். 'நல்ல மனுஷன்' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். விபத்து மட்டும் பதிவேட்டில் ஏறாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்தம் போயும், இழப்பீடு கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது.

முதல் ஒரு மணி நேரம்

துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள், காபித்தூள் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும், வேலையிடத்தில் அடிபட்டது என்பதை மெஷின் பெயர், நேரத்தோடு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

70 வேறு, 90 வேறு

சாதாரண நோய்க்கு விடுப்பு எடுத்தால் இ.எஸ்.ஐ. தருவது சராசரிக் கூலியில் 70 சதவீதம். அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான். சந்தா கட்டிய நாள் கணக்கும் பார்ப்பார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு 90 சதவீதம். மருத்துவர் சான்று தரும்வரை வரும், நாள் வரம்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்து நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள்கூலி 500 ரூபாய் என்றால் 450 ரூபாய் வரும். இதை நான் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கிறேன். காசில்லாமல் தையல் பிரித்த வாரமே மெஷினுக்குத் திரும்புகிறவர் பிசியோதெரபியை விட்டுவிடுகிறார். விரல் மடங்காமல் விறைத்துப்போகிறது.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சான்று வாங்கும்போது அது நோய்ச் சான்றா, விபத்துச் சான்றா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பாவிட்டால் கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

விரலுக்கு ஒரு கணக்கு

காயம் ஆறியும் குறை நின்றுவிட்டால் மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிடும். சட்ட அட்டவணைப்படி கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. மேலே சொன்ன 500 ரூபாய் நாள்கூலிக்காரருக்கு ஆள்காட்டி விரல் போயிருந்தால் 450-ல் 14 சதவீதம், நாளுக்கு 63 ரூபாய். மாதம் ஏறக்குறைய 1,890. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும். வேறு வேலை பார்த்தாலும் நிற்காது. சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் விரலுக்கு எதுவும் கிடைக்காது. ஒரு கையோ காலோ ஒரு கண் பார்வையோ போனால்தான் 1 லட்சம்.

"உன் தப்புதானே?"

மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாய், உனக்கு எதுவும் வராது என்று மிரட்டுவார்கள். பயப்பட வேண்டாம். விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்தபோது பட்ட காயம் என்றால் உரிமை உண்டு. வீட்டிலிருந்து பைக்கில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், நேரமும் வழியும் வேலைப் பயணத்தோடு பொருந்தினால், 2010 திருத்தத்துக்குப் பின் வேலையில் பட்ட காயமாகவே சேரும். காயம் ஆறும்வரை அந்த 90 சதவீதப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் இதே விதிகள்தான்; ஒப்பந்தக்காரர் சந்தா கட்டாமல் விட்டால் அந்தப் பொறுப்பு கம்பெனியையே சேரும்.