மானியம் தரும் அரசு, பொருளை வாங்குமா?

புதுதில்லி: புதிய மருத்துவக் கருவி ஒன்றின் மாதிரியை உருவாக்கிய சிறு நிறுவனம் வங்கிக்குக் கடன் கேட்டுச் சென்றால், முதலில் எழும் கேள்வி அடமானம் பற்றியதுதான். கையில் இருப்பதோ ஒரு வரைபடமும் பாதி முடிந்த சோதனையும். அவற்றை அடமானமாக ஏற்க எந்த வங்கி மேலாளருக்கும் மனம் வராது. தனியார் முதலீட்டாளர்களும் விற்பனைக் கணக்கைக் காட்டச் சொல்கின்றனர். இந்த இடைவெளியை நிரப்பவே மத்திய அரசின் ஆய்வு மானியங்கள் வந்தன.

உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ல் தொடங்கிய சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டம் இவற்றில் முன்னோடி. அதன் பெயரும் கருத்தும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கு தேசிய அறிவியல் அறக்கட்டளையில் அதிகாரியாக இருந்த ரோலண்ட் டிபெட்ஸ் 1977-ல் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, 1982-ல் தனிச் சட்டமாயிற்று. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற குவால்காம் நிறுவனமும் தொடக்க காலத்தில் இம்மானியத்தைப் பெற்றதுதான்.

இந்தியாவில் 2012-ல் பைராக் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டு, இத்திட்டம் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் 'பிக்' மானியம் தனிநபருக்கும் புதிய நிறுவனங்களுக்கும் உரியது. உச்சவரம்பு ரூ. 50 லட்சம், கால அளவு 18 மாதங்கள். பங்கு கேட்பதில்லை, அடமானமும் இல்லை. ராணுவத் தேவைகளுக்காக 2018-ல் தொடங்கப்பட்ட 'ஐடெக்ஸ்' திட்டத்தில் ரூ. 1.5 கோடி வரையிலும், அதன் அடுத்த பிரிவில் ரூ. 10 கோடி வரையிலும் மானியம் உண்டு.

இவற்றை வெல்வது எளிதன்று. எழுத்துத் தேர்வைப் போல விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் காத்திருப்போர் பெரும்பாலும் முதல் சல்லடையிலேயே நின்றுவிடுகின்றனர். வல்லுநர் குழு கேட்பது மிகச் சில கேள்விகளையே. இப்போது சந்தையில் உள்ளதைவிட இதில் என்ன புதுமை? அறிவுசார் சொத்துரிமை யாருக்கு? 18 மாத முடிவில் எதை நிரூபித்துக் காட்டுவீர்கள்? கண்டுபிடிப்பின் பெருமையைப் பத்துப் பக்கம் எழுதியவர்கள் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவது இயல்பு. பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் பிறந்த யோசனையாக இருந்தால், உரிமை பல்கலைக்கழகத்துக்கா நிறுவனத்துக்கா என்பதை எழுத்துமூலம் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாமல் தில்லிக்கு வருவது வீண்.

வென்ற பிறகும் பணம் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்ட இலக்கும் நிறைவேறிய பின்னரே அடுத்த தவணை. மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். கணக்கில் சேர்ந்த வட்டியையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்கின்றன பொது நிதி விதிகள். மக்கள் வரிப்பணத்துக்கு இந்தக் கெடுபிடி தேவைதான். ஆனால் ஐந்து பேர் பணிபுரியும் நிறுவனத்தில் தவணை இரண்டு மாதம் தாமதமானால், முதலில் வெளியேறுபவர் சம்பளம் கிடைக்காத இளம் பொறியாளர். சான்றிதழில் கையெழுத்து விழும்போது அவர் வேறு வேலையில் சேர்ந்திருப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல் பதினெட்டாவது மாதத்துக்குப் பின் தொடங்குகிறது. பொருள் தயார், வாங்குவது யார்? அமெரிக்கச் சட்டத்தின் வலிமை இங்குதான் தெரியும். வெளியாருக்கு அளிக்கும் ஆய்வு நிதி ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டும் அரசுத் துறைகள் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என அச்சட்டம் வகுத்தது. மானியத்தில் உருவான பொருளை மறு போட்டியின்றி அரசே வாங்கவும் வழி செய்தது. இந்தியாவில் இருப்பவை திட்டங்கள். சட்டக் கட்டாயம் இல்லை. 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள், புதிய நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் 'தளர்த்தலாம்' என்கின்றன. 'தளர்த்த வேண்டும்' என்று அவை கூறவில்லை. நாளை தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி, அந்த 'லாம்' என்ற சொல்லை எப்படிப் படிப்பார் என்பது தில்லி அறிந்ததே.

விதிவிலக்கு ராணுவம். 2020-ம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில், ஐடெக்ஸ் வழியாக உருவாகும் பொருள்களை வாங்கத் தனி வழி ஏற்படுத்தப்பட்டது. மானியம் தருபவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் ஒரே அமைச்சகம் என்பதால் இது சாத்தியமாயிற்று.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கான செலவு 2020-21-ல் 0.64 சதவீதம் மட்டுமே. அதில் தனியார் துறையின் பங்கு ஏறத்தாழ 36 சதவீதம். இதை உயர்த்தவே 2025 ஜூலையில் ரூ. 1 லட்சம் கோடி ஆய்வு, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நவம்பரில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். தொகை பெரிதுதான். ஆனால் அது மானியமன்று. நீண்டகாலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ வருவது. அதுவும் தொழில்நுட்பத் தயார்நிலையின் நான்காம் படியை எட்டியவர்களுக்கு. அந்தப் படி வரை ஏறும் செலவுக்குச் சிறு நிறுவனம் மீண்டும் அந்த ரூ. 50 லட்சத்தின் வாசலிலேயே நிற்க வேண்டும்.

மருத்துவக் கருவிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. மானியம் தருவது மத்திய அறிவியல் அமைச்சகம். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலானவை மாநிலங்களிடம் உள்ளன. கொள்முதல் செய்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற மாநில அமைப்புகள். தில்லியில் நிபுணர் குழு பாராட்டிய கருவி, சென்னையிலோ ஜெய்ப்பூரிலோ ஒப்பந்தப்புள்ளிப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால், அந்த நிறுவனம் ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது.