சுருதி பார்க்கும் கருவியும் எடை பார்க்கும் தராசும்



இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கிதார் பழகுகிறார்கள். கிதாரின் தலைப்பக்கத்தில், துணிக்குப் போடும் கிளிப்பைப் போன்ற சிறிய கருவி ஒன்றை மாட்டி, தந்தியை மீட்டியபடி முறுக்காணியைத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவிக்கு ட்யூனர் என்று பெயர். சுருதி சேர்ந்துவிட்டால் அதில் பச்சை விளக்கு எரியும். தராசைப் பிடித்துப் பிழைக்கும் நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். சுருதி பார்ப்பதும் ஒரு வகையில் எடை பார்ப்பதுதான்.

தந்தி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப் பொறுத்தே சுருதி அமைகிறது. இந்த அளவை ஹெர்ட்ஸ் என்பார்கள். வழக்கமான முறைப்படி, கிதாரின் தடித்த ஆறாம் தந்தி 82.4, ஐந்தாவது 110, நான்காவது 146.8, மூன்றாவது 196, இரண்டாவது 246.9, மெல்லிய முதல் தந்தி 329.6 ஹெர்ட்ஸ் அதிர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் படிக்கல் ஒன்று உண்டு. அதுதான் 440 ஹெர்ட்ஸ். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது. 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440 என்ற அளவைப் பரிந்துரைத்தது. இங்கே சேரும் வீசையும் போய்க் கிலோ வந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோவுக்குள் கிராம் இருப்பதுபோல, சுருதியிலும் சென்ட் என்ற சிறு அளவு உண்டு. அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் ஒரு பங்கு 1 சென்ட். நல்ல கிளிப் ட்யூனர்கள் ஏறத்தாழ 1 சென்ட் வரை துல்லியமாகக் காட்டும். ஸ்ட்ரோப் என்ற உயர்ந்த வகை 0.1 சென்ட் வரை காட்டும். பழகிய காதுக்கும் 1 சென்ட் வித்தியாசம் பிடிபடுவது அரிது.

கிளிப் ட்யூனர் காற்றில் வரும் ஓசையைக் கேட்பதில்லை. மரத்தில் ஏறும் அதிர்வை அதிலுள்ள பீசோ வில்லை மின்சைகையாக மாற்றுகிறது. ஆகவே சந்தை இரைச்சலிலும் அது வேலை செய்யும். கைப்பேசிச் செயலியோ மைக் வழியாகக் கேட்பதால், சத்தமுள்ள இடத்தில் தடுமாறும்.

இத்தனை துல்லியம் இருந்தும் தவறு நேருமா? நேரும். என் பேரன் பள்ளி ஆண்டு விழாவுக்காகக் கீபோர்டு வாசிக்கும் நண்பனுடன் பழகிக்கொண்டிருந்தான். ஆறு தந்திக்கும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் சேர்ந்து வாசித்தால் ஒட்டவில்லை. “மிஷினே சரின்னு சொல்லுது தாத்தா, அவன்தான் தப்பா வாசிக்கிறான்” என்று சண்டை முற்றிவிட்டது. அவர்களுடைய இசை ஆசிரியர் ட்யூனரைக் கையில் வாங்கிப் பார்த்தார். திரையின் மூலையில் 440க்குப் பதில் 442 என்றிருந்தது. பையில் கிடந்தபோது பொத்தான் அழுந்தியிருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய 8 சென்ட். கருவி பொய் சொல்லவில்லை, படிக்கல்லே மாறியிருந்தது. பேரன் நண்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

எனவே ட்யூனரைப் பயன்படுத்தும்போது முதலில் 440 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தந்தியை மட்டும் மீட்டி, மற்றவற்றைக் கையால் அடக்கிக்கொள்ள வேண்டும். மீட்டிய உடன் முள் சற்று ஏறி இறங்கும். அது நிலைத்த பிறகே கணக்கு. சுருதி கூடிவிட்டால் சரியான இடம்வரை மட்டும் இறக்கி விட்டுவிடக் கூடாது. அதற்கும் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிச் சேர்க்க வேண்டும். இல்லையேல் முறுக்காணியின் பல்லில் உள்ள தளர்வினால் தந்தி பிறகு நழுவும்.

ஆறாவது தந்தி முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. ஒன்றை இறுக்கினால் கிதாரின் கழுத்தில் இழுவை கூடி, முன்பு சேர்த்தவை சற்று இறங்கும். ஆகவே இன்னொரு சுற்று பார்க்க வேண்டும். வெயில் பட்டால் எஃகுத் தந்தி நீண்டு சுருதி இறங்கும். புதுத் தந்தி சில நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும். நேற்று எரிந்த பச்சை விளக்கு இன்றைக்குச் செல்லாது.

இது நமக்கும் பொருந்தும். எங்கள் கிடங்கில் 25 கிலோ துவரம்பருப்பு வாங்கிச் சென்ற சில்லறைக் கடைக்காரர் ஒருவர், 150 கிராம் குறைகிறது என்று மூட்டையோடு திரும்பி வந்தார். பல ஆண்டுகளாக வாங்குகிறவர். “எங்கள் எலக்ட்ரானிக் தராசு முத்திரை போட்டது” என்று நான் வாதாடினேன். பிறகுதான் பார்த்தேன். பக்கத்தில் அடுக்கிய மூட்டை ஒன்று சரிந்து தட்டின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. வெறும் தட்டிலேயே எண் காட்டியது. அன்று காலை யாரும் 0 இருக்கிறதா என்று பார்க்கவில்லை. குறைந்ததைக் கொடுத்தேன். ஆனால் என் வாதத்துக்காக வெட்கப்பட்டேன்.

2011ஆம் ஆண்டு விதிகளின்படி எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை பெற வேண்டும். அந்த முத்திரை சோதித்த நாளுக்குச் சாட்சி. மற்ற நாட்களுக்கு நாம்தான் பொறுப்பு. தினமும் கடை திறந்ததும் வெறும் தட்டில் 0 பாருங்கள். முத்திரையுள்ள எடைக்கல் ஒன்றை வைத்துப் பாருங்கள். தராசை இடம் மாற்றினால் மட்டம் பார்த்து, மறுபடி கல்லை வையுங்கள்.

கிதாரின் சுருதி விலகினால் காது காட்டிக்கொடுக்கும். தராசு விலகினால் வாடிக்கையாளர் எல்லோரும் வந்து சொல்லமாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.