திண்டுக்கல் பகுதியில் கோடைகாலப் பறவை நோக்கல்

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள அணைகள், கண்மாய்கள், வறண்ட சமவெளிகள் ஆகியவற்றில் மார்ச் முதல் ஜூலை வரை பறவைகளைக் கண்டு பதிவு செய்வதே கோடைகாலப் பறவை நோக்கல் ஆகும். பறவை பார்ப்பதற்கு உரிய காலம் குளிர்காலம்தான் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. வலசைப் பறவைகள் அப்போது வருவதும், கணக்கெடுப்புகள் அப்போது நடைபெறுவதும் இதற்குக் காரணங்கள். எனினும் உள்ளூர்ப் பறவைகளில் பல முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கோடையில்தான். வெறுமையாகத் தோன்றும் அணைப்படுகையே அவற்றுள் சிலவற்றுக்குக் கூடும் ஆகிறது.

நிலமும் நீரும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனி மலைத்தொடரும், தெற்கிலும் கிழக்கிலும் சிறுமலையும் உள்ளன. இவற்றின் இடையே செம்மண்ணும் கரடும் முள்மரங்களும் பனைகளும் நிறைந்த சமவெளி பரந்துள்ளது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் தோன்றும் குடகனாறு வடக்கே வேடசந்தூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கிறது. திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் மலையடிவாரத்தில் உள்ளது. அய்யம்பாளையத்துக்கு அருகே மருதாநதி அணையும், ஒட்டன்சத்திரம் பகுதியில் பரப்பலாறு அணையும், பழனியைச் சுற்றி வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளும் உள்ளன.

இம்மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. ஆகவே தை மாதத்தில் நிறைந்திருக்கும் நீர்நிலைகள் சித்திரை, வைகாசியில் சுருங்கிவிடும். அவ்வப்போது பெய்யும் கோடை மழை நிலத்தை நனைக்குமே தவிர, அணையை நிரப்பாது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் பலத்த காற்று பழனி, ஒட்டன்சத்திரம் சமவெளிகளில் வீசும். கோடைப் பறவைகளின் வாழ்க்கை இந்த நீர்க்கணக்கை ஒட்டியே அமைகிறது.

நீர் குறையும்போது நிகழ்வது

நீர் வற்றும்போது மீன்கள் ஆழமான குட்டைகளில் ஒதுங்குகின்றன. நத்தைகளும் நண்டுகளும் சேற்றோரத்தில் வெளிப்படுகின்றன. இதனால் மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்ற பெரிய நீர்ப்பறவைகளுக்கு இரை தேடுவது எளிதாகிறது. தமிழகத்தின் பறவைச் சரணாலயங்களில் இனப்பெருக்கம் முடித்த பறவைகளும், அவ்வாண்டு பறக்கக் கற்ற இளம்பறவைகளும் கோடையில் பல நீர்நிலைகளுக்குப் பரவுகின்றன. நிறம் மங்கிய நாரை ஒன்று தனியாக நிற்பதைக் கண்டால், அது நோயுற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. முதிராத இளம்பறவையாகவும் அது இருக்கலாம்.

வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரல் இறுதிக்குள் வடக்கே சென்றுவிடும். சோளக்குருவிகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்புவதும் அக்காலத்தில்தான். உள்ளான் இனங்களில் இனப்பெருக்க வயதை எட்டாத சில மட்டும் கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடுவது உண்டு. பொரி உள்ளான் போன்றவை ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ திரும்பி வரத் தொடங்குகின்றன. எனவே வலசைப் பறவைகள் முற்றிலும் இல்லாத காலம் மிகவும் குறுகியது.

தரையே கூடு

கோடைப் படுகையின் முதன்மையான பறவை ஆள்காட்டி. மனிதரையோ நாயையோ கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. இதில் இரண்டு வகைகள் இப்பகுதியில் உள்ளன. சிவப்பு மூக்கு ஆள்காட்டி நீர்க்கரையை ஒட்டி வாழும். அதற்குக் கறுப்பு மார்பும், கண்முன் சிவந்த சதைமடிப்பும் உண்டு. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி நீரிலிருந்து விலகிய வறண்ட தரிசையும் கட்டாந்தரையையும் விரும்பும். கறுப்புத் தொப்பி அணிந்தது போன்ற தலையும், மஞ்சள் சதைமடிப்பும், மஞ்சள் கால்களும் அதன் அடையாளங்கள்.

இரண்டுமே மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் சில கூழாங்கற்களை வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டைகள் மண்ணிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருப்பதால், காலடியில் இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. அடைகாத்தல் ஏறத்தாழ நான்கு வாரம் நீடிக்கும். பட்டாணி உப்புக்கொத்தியும் கண்கிலேடியும் இவ்வாறே தரையில் முட்டையிடுகின்றன. கண்கிலேடி இரவில் நடமாடும் பறவை. பகலில் முள்மரத்தின் நிழலில் அசையாமல் அமர்ந்திருக்கும். அதன் பெரிய மஞ்சள் கண்களே அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெயிலில் முட்டை வெந்துவிடாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. மற்ற பறவைகள் முட்டையைச் சூடாக்க அடைகாக்கும்; ஆள்காட்டியோ நண்பகலில் முட்டைக்கு நிழல் தரவே அதன்மேல் நிற்கிறது. அருகில் நீர் இருந்தால், சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. எஸ். டி. ஜெயகரும் ஹெலன் ஸ்பர்வேயும் 1960களில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியை ஆராய்ந்து, வறண்ட பருவத்தில் கூடு கட்டும் வெப்பமண்டலப் பறவை என்று அதை விளக்கினர்.

நீர் வற்றும்போது அணைகளின் நடுவே தோன்றும் திட்டுகள் ஆற்று ஆலாவுக்கு ஏற்ற இடங்கள். தடித்த மஞ்சள் அலகும், ஆழமாகப் பிளவுபட்ட வாலும் கொண்ட இப்பறவை, நாயும் நரியும் எட்டாத மணல்திட்டுகளில் முட்டையிடும். கர்நாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில் கோடைதோறும் ஆயிரக்கணக்கில் இவை கூடுவது புகழ்பெற்ற காட்சி. உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக இது மதிப்பிடப்பட்டுள்ளது. திட்டுக்கும் கரைக்கும் இடையே உள்ள நீர் முழுவதும் வற்றிவிட்டால், காவல் போய்விடும்.

சமவெளிப் பறவைகள்

அணையை விட்டு விலகிய தரிசுகளில் கௌதாரி, காடை, வானம்பாடி, பஞ்சுருட்டான், மைனா ஆகியவற்றைக் காணலாம். சாம்பல்தலை வானம்பாடியின் ஆண் மேலே எழும்பிச் செங்குத்தாக விழுந்து, தரையைத் தொடுமுன் மீண்டும் எழும். கல்கௌதாரி காலையில் நீர் அருந்த வரும். குஞ்சு பொரித்த காலத்தில் அதன் ஆண் வயிற்று இறகுகளில் நீரை நனைத்து எடுத்துச் சென்று குஞ்சுகளுக்கு ஊட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டங்களின் பின்னால் சுடலைக்குயில் அலைவதையும் கோடையில் கவனிக்கலாம். தன் முட்டையை அது அவற்றின் கூட்டிலேயே இடுகிறது.

மின்கம்பியில் மங்கிய நிறத்தில் அமர்ந்திருந்து, பறக்கும்போது நீலமாக ஒளிரும் பனங்காடை பட்டுப்போன பனை, தென்னை மரப் பொந்துகளில் கூடு வைக்கும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமைப் பாதுகாப்பு தேவை என்றது. அன்றாடம் கண்ணில் படும் பனங்காடையின் எண்ணிக்கை குறைந்து வருவதையும் அது சுட்டியது. பயனற்றது என்று வெட்டப்படும் பட்டமரம் ஒரு பறவைக்கு வீடாக இருக்கக்கூடும்.

அரிய காட்சி என்பது எது?

ஒரு காட்சி மூன்று வகைகளில் அரியதாகலாம். முதலாவது, காலம் தவறியது. குளிர்கால விருந்தாளியான வரித்தலை வாத்து மே மாதத்தில் ஓர் அணையில் நின்றால், அது ஏன் செல்லவில்லை என்று கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது, இடம் தவறியது. புயலுக்குப் பின் கடல் ஆலாக்கள் உள்நாட்டு நீர்நிலைகளில் ஒதுங்குவது இவ்வகை. மூன்றாவது, முன்பு இயல்பாக இருந்து பின்னர் அரிதானது. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் வந்து உணவு பெற்ற 'கழுகுகள்' உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதியில் அவை வருவது நின்றுபோனது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியாவில் பாறு இனங்கள் பெருமளவில் அழிந்த பின், 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் பாறுகள் பெரும்பாலும் நீலகிரியின் மாயாற்றுப் பகுதியிலேயே எஞ்சியுள்ளன. அதே நேரம் மயில் சமவெளி வயல்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. ஆகவே எது அரியது என்பது காலந்தோறும் மாறும். மாற்றத்தை அறியப் பழைய பதிவு வேண்டும்.

அரியதெனத் தோன்றும் வழக்கமான பறவைகள்

'புதிய பறவை' என்று கோடையில் சொல்லப்படுபவற்றில் பல, இனப்பெருக்க உடை பூண்ட பழைய பறவைகளே. சிலவற்றை அறிந்திருப்பது நல்லது.

மடையான்: ஆண்டின் பெரும்பகுதி பழுப்புக் கோடுகளுடன் இருக்கும். கோடையில் முதுகு கருஞ்சிவப்பாகும்.

உண்ணிக்கொக்கு: வெள்ளையான தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு நிறம் பெறும்.

பெரிய கொக்கு: மஞ்சள் அலகு கறுப்பாக மாறும். அலகின் நிறத்தை மட்டும் நம்பினால் சின்னக்கொக்கு என்று பிழையாக எண்ண நேரும். உருவ அளவையும் கால்விரல்களையும் பார்க்க வேண்டும். சின்னக்கொக்கின் விரல்கள் மஞ்சளானவை.

மீசை ஆலா: குளிர்காலத்தில் வெளிறிய இதன் வயிறு, வடக்கே புறப்படும் ஏப்ரல், மே மாதங்களில் கருமையாகும்.

செம்பருந்தின் இளம்பறவை: பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து போலத் தோன்றும். கரும்பருந்தின் வால் நுனி பிளவுபட்டது; செம்பருந்தின் வால் நுனி வட்டமானது.

பதிவு செய்யும் முறை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியிலும், உலகளாவிய வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியிலும் நடைபெறுகின்றன. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் ஆண்டின் தொடக்க மாதங்களில்தான். மே மாத இரண்டாம் சனிக்கிழமையில் வரும் உலகப் பறவை நாளைத் தவிர, கோடைக்குப் பெரிய கணக்கெடுப்பு எதுவும் இல்லை. எனவே கோடையில் ஒருவர் எழுதும் எளிய பட்டியலுக்கும் மதிப்பு மிகுதி.

ஒரே இடத்துக்கு வாரம் ஒருமுறை, காலை 6 மணி முதல் 9 மணிக்குள் சென்று வருவது போதுமானது. நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, நீர்மட்டத்தின் நிலை, கண்ட எல்லா இனங்கள், அவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அரியவற்றை மட்டும் எழுதி, காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுவது தவறு. பனங்காடை குறைந்ததை அறிய முடிந்தது, பலர் அதையும் எழுதி வைத்ததால்தான்.

ஐயமான பறவையைக் கண்டால், பெயரை முடிவு செய்யும் முன் உருவம், அலகு, கால், வால், பறக்கும் விதம், குரல் ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து நூலைப் பார்த்த பின் எழுதினால், நூலில் உள்ளதே நினைவாகிவிடும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்டு தளத்தில் பட்டியலைச் சேர்க்கலாம். வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அங்கு மதிப்பாய்வாளர்கள் சரிபார்த்து விளக்கமோ படமோ கேட்பார்கள். அதை அவமதிப்பாகக் கருதத் தேவையில்லை. 'அடையாளம் உறுதியில்லை' என்று எழுதுவதும் நேர்மையான பதிவே.

கோடையில் காக்க வேண்டியவை

கோடையில்தான் நீர்நிலைகளில் வண்டல் மண் எடுக்கப்படுகிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி மண் எடுக்கத் தமிழக அரசு அனுமதிக்கிறது. 2024இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. வயலுக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் தரும் நல்ல பணி இது. ஆனால் டிராக்டர் செல்லும் அதே படுகையில்தான் ஆள்காட்டியின் முட்டைகளும் கிடக்கின்றன. வண்டி செல்லும் தடத்தைக் காலையில் ஒருவர் நடந்து பார்த்தால் போதும். தாய்ப்பறவையின் கூச்சலும் வட்டமிடலும் கூட்டின் பக்கத்தைக் காட்டிவிடும். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சிறு வட்டத்தை நான்கு வாரம் விட்டு, மற்ற இடத்தில் மண் எடுக்கலாம்.

பறவை பார்ப்போரின் பொறுப்பும் குறைந்ததல்ல. படம் எடுப்பதற்காகக் கூட்டருகே நின்றால் தாய்ப்பறவை நெருங்காது. வெயில் ஏறிய மண்ணின் சூடு காற்றின் சூட்டைவிட மிகுதி என்பதால், நிழலற்ற முட்டை விரைவில் கெட்டுவிடும். பறவை கத்தத் தொடங்கினால், வந்த வழியே திரும்புவது நல்லது. கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் அறிவிக்கக் கூடாது. கௌதாரி, காடைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அதைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம்.

திண்டுக்கல் சமவெளிக்குப் பெரிய சரணாலயத்தின் புகழ் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அணைக்கும் கண்மாய்க்கும் அருகே ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் ஒரு பள்ளியும் இருக்கும். மாணவர்கள் கோடை விடுமுறையில் தம் ஊர்க் கண்மாயில் கண்ட பறவைகளை ஆண்டுதோறும் ஒரே நோட்டில் எழுதி வந்தால், பத்து ஆண்டுகளில் அவ்வூரின் பறவை வரலாறு கிடைத்துவிடும். எந்தப் பறவை புதிதாக வந்தது, எது வராமல் போனது என்பதற்கு அந்த நோட்டே விடை சொல்லும்.